கையெழுத்து என்ன விலை பாஸ்?

உடம்பு 50 டாலர். கழுத்து 80 டாலர். உடம்புங்கிறது கிடாரோட பாடி. மரத்துல முடிச்சு இருக்குன்னு ஒதுக்கி வச்ச பீஸ், அதான் சல்லிசு. கழுத்துங்கிறது நெக். ரெண்டையும் வாங்கிட்டு வந்து, வீட்டுல கிடந்த ஒரு கிப்ஸன் கிடார்ல இருந்து பிக்கப்பைக் கழட்டி இதுல மாட்டி, சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்ட்டை எடுத்துப் பூசி, நடுநடுவே டேப் ஒட்டி உரிச்சுக் கோடு போட்டு... ஒரு பையன் தனக்குத்தானே ஒரு எலெக்ட்ரிக் கிடார் செஞ்சுக்கிட்டான். இடம் கலிஃபோர்னியா. காலம் 1970-களின் நடுப்பகுதி. பையன் பெயர் எடி வான் ஹாலன்!

1978-ல் வான் ஹாலன் குழுவின் முதல் ஆல்பம் வந்துச்சு. அதுல 'இரப்ஷன்'னு ரெண்டு நிமிஷம்கூட ஓடாத ஒரு கிடார் சோலோ. அதைக் கேட்ட அத்தனை கிடாரிஸ்ட்டுகளும் 'இது மனுஷன் கையா, மெஷினா?'ன்னு மிரண்டு போனாங்க. ரெண்டு கையாலயும் ஃப்ரெட் போர்டுல தட்டித் தட்டி வாசிக்கிற அந்த ஸ்டைல், இன்னிக்கு வரைக்கும் கல்ச்சுரல்ஸ் மேடையில கைதட்டல் வாங்குற ஐட்டம். அந்தக் கோடு போட்ட கிடாருக்கு ரசிகர்கள் வச்ச செல்லப் பெயர் 'ஃப்ராங்கன்ஸ்ட்ராட்'. ஃப்ராங்கன்ஸ்டைன் கதையில பல உடம்புகளை ஒட்டிச் செஞ்ச பூதம் வருமே, அது மாதிரி.

இப்போ கதையோட அடுத்த சீன். 2007. ஃபெண்டர் கம்பெனி அந்தக் கிடாரை அச்சு அசலா காப்பி எடுத்து, 300 பீஸ் மட்டும் விற்பனைக்கு விட்டுச்சு. விலை? 25,000 டாலர். அப்போதைய கணக்குல பத்து லட்ச ரூபாய்! சிகரெட் சுட்ட தழும்பு எங்கே இருந்ததோ, காப்பியிலும் அங்கே தழும்பு. எடி தன் கிடார்ல ஒரு பார்ட்டுக்கு முட்டுக்கொடுக்க 1971-ம் வருஷத்து கால் டாலர் காசு ஒண்ணை ஸ்க்ரூ போட்டு முடுக்கி வச்சிருந்தார். காப்பியிலும் அதே வருஷத்துக் காசு. அசல் கிடார்ல முன்னாடி இருக்கிற பிக்கப் சும்மா ஒப்புக்கு மாட்டினது. அது வேலையே செய்யாது. காப்பியிலும் வேலை செய்யாது!

நூத்தி முப்பது டாலர்ல பிறந்த ஒண்ணு இருபத்தஞ்சாயிரம் டாலர் ஆகுதுன்னா, நடுவுல இருக்கிற அந்த இருபத்தி நாலாயிரத்துச் சொச்சம் எதுக்கு? கிடார் கத்துக்கிற ஒவ்வொரு ஸ்டூடன்ட்டும் கடைக்குள்ள காலை வைக்கிறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய மேட்டர் இது. ஏன்னா, பத்து லட்சத்துக்கு நம்ம யாரும் போகப் போறதில்லைதான். ஆனா, அதே மாடல் வியாபாரம் குட்டி சைஸ்ல, கம்மி விலையில நம்ம பாக்கெட்டையும் குறி வைக்குது. ஹெட்ஸ்டாக்குல தலைவரோட கையெழுத்து. கையெழுத்து இல்லாத அண்ணன் கிடார் பக்கத்துலயே தொங்குது. விலை வித்தியாசம் ஒரு செமஸ்டர் ஃபீஸ்.

'சிக்னேச்சர் மாடல்'னு இதுக்குப் பேரு.

எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு 'ஏமாத்து வேலை'ன்னு சொல்லிட முடியாது. உலகத்துலேயே ரொம்பப் பிரபலமான எலெக்ட்ரிக் கிடார்கள்ல ஒண்ணான 'லெஸ் பால்' இருக்கே, அதுவே ஒரு சிக்னேச்சர் கிடார்தான்! லெஸ் பால்ங்கிறது ஒரு ஆளோட பேரு. ஜாஸ் கிடாரிஸ்ட். 1940 வாக்குல ஒரு கட்டையை நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் கிடார் உடம்பை வெட்டி ஒட்டி 'லாக்'னு ஒரு கிடார் செஞ்சார். கிப்ஸன்காரங்ககிட்ட எடுத்துட்டுப் போனப்ப, அவங்க கண்டுக்கலை. அப்புறம் 1950-ல் ஃபெண்டர் உள்ளே புகுந்து, கட்டையா மரத்துல செஞ்ச கிடாரை விற்க ஆரம்பிச்சதும் கிப்ஸனுக்கு வயித்துல புளி கரைச்சது. ஓடிப் போய் லெஸ் பாலைப் பிடிச்சாங்க. 1952-ல் அவர் பேர்லயே கிடார் வந்துச்சு. 1960-களில் கொஞ்ச காலம் அவர் பேர் கிடார்ல இருந்து காணாமப் போச்சு. 1968-ல் திரும்பி வந்துச்சு. 2009-ல், 94 வயசுல அவர் இறந்துட்டார். இன்னிக்கும் 'லெஸ் பால்'னு சொல்ற பல பேருக்கு அது ஒரு மனுஷன் பேருன்னே தெரியாது. பேர் கிடாரைத் தூக்கி நிறுத்தின காலம் போய், கிடார் பேரைத் தூக்கிட்டு நடக்குது.

அதனால, கையெழுத்து இருந்தாலே தண்டம்னு நினைக்காதீங்க. ஒரு நல்ல சிக்னேச்சர் கிடார்ங்கிறது ஒரு வாசிப்பாளரோட தேவை, மரத்துலயும் கம்பியிலயும் மொழிபெயர்க்கப்பட்டது. எரிக் க்ளாப்டனை எடுத்துக்குங்க. 1970-ல் நாஷ்வில் ஊர்ல ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். மூணை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட்னு ஃப்ரெண்ட்ஸுக்குத் தூக்கிக் கொடுத்துட்டார் (ஃப்ரெண்டுன்னா இப்படி இருக்கணும்!). மிச்சம் மூணுல நல்ல பாகங்களைப் பிரிச்சு எடுத்து ஒண்ணாச் சேர்த்தார். அதுதான் 'ப்ளாக்கி'. வருஷக்கணக்குல வாசிச்சு அது தேய்ஞ்சு ஓய்ஞ்சதும், அதே மாதிரி நெக் வேணும், கூடவே கொஞ்சம் தடிமனான சவுண்டும் வேணும்னு ஃபெண்டர்கிட்ட கேட்டார். 1988-ல் க்ளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்துச்சு. உள்ளே பேட்டரி போட்டு ஓடுற ஒரு பூஸ்டர். அவர் ட்ரெமோலோ ஆட்டி வாசிக்கிறவர் இல்லை என்பதால, அது அசையாதபடி ஒரு மரக்கட்டையை வச்சு அடைச்சிருந்தாங்க. சாதாரண ஸ்ட்ராட்டுக்கும் இதுக்கும் கையெழுத்தைத் தாண்டி நிஜமாவே வித்தியாசம் இருக்கு. அந்தச் சவுண்டுதான் உங்களுக்கும் வேணும்னா, கொடுக்கிற காசுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

ஆனா, இதே விஷயம்தான் உங்க கழுத்தையும் அறுக்கும். ஸ்வீடன்காரர் யிங்வி மால்ம்ஸ்டீன் தெரியுமா? மின்னல் வேகக் கிடாரிஸ்ட். அதே 1988-ல் இவர் பேரிலும் ஃபெண்டர் ஒரு ஸ்ட்ராட் விட்டுச்சு. அதுல ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கிற மரத்தை ஸ்பூன் மாதிரிக் குழியாச் செதுக்கி இருப்பாங்க. விரல் மரத்தைத் தொடாது, கம்பியை மட்டும்தான் தொடும். நம்ம வீணையில மெட்டுக்கு நடுவுல பள்ளமா இருக்குமே, கிட்டத்தட்ட அந்த ஃபீலிங். (1970-களில் விக்கு விநாயக்ராமோட 'சக்தி' குழுவில் வாசிச்ச ஜான் மெக்லாஃப்லினும் இப்படிச் செதுக்கின கிடாரைத்தான் வச்சிருந்தார். கமகம் வேணுமே!) யிங்வி விரல் பூ மாதிரி விழும். புதுசா வாசிக்கிற நம்ம ஆளு பலம் கொண்ட மட்டும் அழுத்துவார். அழுத்தினா கம்பி பள்ளத்துக்குள்ள இறங்கும், சுருதி ஏறும். ட்யூன் பண்ணின கிடாரே அபஸ்வரமா கேட்கும். தப்பு கிடார் மேல இல்லை. அது இன்னொருத்தர் கைக்குத் தைச்ச சட்டை.

டோனி அயோமி கதை இன்னும் உருக்கம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்ல தகரம் வெட்டுற ஃபேக்டரியில வேலை பார்த்தப்ப, பதினேழு வயசுல மெஷின்ல மாட்டி ரெண்டு விரலோட நுனி போச்சு. அதுவும் வேலையை விட்டு நிக்கப் போற கடைசி நாள்ல. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால, கம்பியை அழுத்துற கை வலது கை. அடிபட்டதும் அதே கை! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டார். கனமான கம்பியை அழுத்த முடியலை. மெல்லிய கம்பி தேடி, கிடாருக்குக் கிடைக்காம, பேஞ்சோ வாத்தியத்தோட கம்பியைப் போட்டு வாசிச்சார். பின்னாடி சுருதியையே இறக்கி, கம்பியைத் தளர்த்தினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல அந்த இறங்கின சுருதி உறுமுறதைக் கேட்கலாம். ஹெவி மெட்டல்னு உலகமே தலையை ஆட்டுற அந்தச் சவுண்டுல ஒரு பாதி, காயம்பட்ட விரலுக்காக செஞ்சுக்கிட்ட அட்ஜஸ்ட்மென்ட். அயோமி பேர் போட்ட எஸ்.ஜி. கிடார் கடையில கிடைச்சிருக்கு. அந்த விரல் கிடைக்காது.

சரி, கையெழுத்துக்குன்னு தனியா எவ்வளவு போகுது? பேர் போட்டவருக்கு ராயல்டி உண்டு, விளம்பரச் செலவு உண்டு. எவ்வளவுன்னு கம்பெனிகள் வெளியில சொல்றதில்லை. ஆனா, கண்டுபிடிக்க ஒரு சூப்பர் வழி இருக்கு. பேரை எடுத்துட்டா கிடார் என்ன ஆகுதுன்னு பார்க்கிறது!

இதுக்கும் எடி வான் ஹாலன்தான் உதாரண புருஷர். 1991-ல் மியூசிக் மேன் கம்பெனி அவர் பேர்ல ஒரு கிடார் விட்டுச்சு. சில வருஷத்துல அவர் பீவி கம்பெனிக்குத் தாவிட்டார். மியூசிக் மேன் என்ன பண்ணிச்சு? கிடாரைக் கடாசலை. பேரை மட்டும் எடுத்துட்டு 'ஆக்ஸிஸ்'னு வேற பேர் ஒட்டி வித்துச்சு. அதை வாங்கினவங்க சந்தோஷமா வாசிச்சாங்க. பீவியில 1996-ல் வந்த கிடாருக்கு 'வுல்ஃப்காங்'னு தன் பையன் பேரை வச்சார். 2004-ல் அங்கிருந்தும் கிளம்பிட்டார். பீவியும் அதே மாதிரி வேற பேர்ல அந்தக் கிடாரைத் தொடர்ந்துச்சு. அப்புறம் ஃபெண்டரோடு சேர்ந்து இ.வி.ஹெச். என்ற சொந்த பிராண்டு. 2009-ல் அங்கேயும் ஒரு வுல்ஃப்காங். ஆக, மூணு கம்பெனி, ஒரு கையெழுத்து. 2020-ல் எடி இறந்துட்டார். அந்த பழைய ஆக்ஸிஸ் கிடார்கள் இன்னும் ஜோராப் பாடுது.

ஸ்டீவ் வாய் கதையும் இதே ரூட். 1987-ல் இபனெஸ் கம்பெனி அவருக்காக 'ஜெம்' கிடாரைச் செஞ்சது. உடம்புல கைப்பிடி மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். கிடாரைத் தூக்கிச் சுழற்ற வசதி (பார்க்கவும் ஷோக்கு). ஓட்டை, பூ வேலைப்பாடு எல்லாத்தையும் கழிச்சுட்டு, மிச்ச விஷயங்களை வச்சு அதே வருஷம் 'ஆர்.ஜி.'ன்னு ஒரு வரிசையைக் கம்மி விலையில விட்டாங்க. அது போட்ட போட்டுல, மெட்டல் வாசிக்கிற பசங்க கையில இன்னிக்கும் ஆர்.ஜி.தான் அதிகம். ஸ்டீவ் வாய் மூளை, பேர் இல்லாம, பாதி விலையில!

அடுத்தது, ஒரே கையெழுத்து ரெண்டு விலையில் வர்ற கேஸ். ஜான் மேயர் ஃபெண்டரை விட்டு 2014-ல் வெளியே வந்து, 2018-ல் பி.ஆர்.எஸ். கம்பெனியோட 'சில்வர் ஸ்கை' கிடாரைக் கொண்டு வந்தார். அமெரிக்காவின் மேரிலாண்ட்ல செஞ்சது. வந்தப்ப விலை 2,299 டாலர். 2022 ஜனவரியில் அதே பேர்ல இந்தோனேஷியாவில் செஞ்ச 'எஸ்.இ.' மாடல் வந்துச்சு. 849 டாலர். பாடி மரம் வேற, நெக்கோட வளைவு கொஞ்சம் வேற, ட்யூனர்கள் வேற. ஆனா தூரத்துல இருந்து பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க. காதால கேட்டும் கண்டுபிடிக்கக் கஷ்டப்படுறவங்க நிறைய. மேலே கொடுக்கிற 1,450 டாலர் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிலாளியோட சம்பளத்துக்கும், கடைசி நேர ஃபினிஷிங்குக்கும் போகுது. அது வீண்னு சொல்ல மாட்டேன். நெக்கோட ஓரத்தை நல்லா உருட்டித் தேய்ச்சிருந்தா, ரெண்டு மணி நேரப் பிராக்டீஸுக்கு அப்புறம் கை அதைச் சொல்லும். ஆனா, அந்த வித்தியாசத்தை உணர முதல்ல தினமும் ரெண்டு மணி நேரம் பிராக்டீஸ் பண்ணணுமே!

ஒரு தமாஷையும் சொல்லிடணும். 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' ஸ்லாஷ்னாலே தொப்பியும் கிப்ஸன் லெஸ் பாலும்தான் ஞாபகம் வரும். ஆனா 1987-ல் வந்த 'அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்' ஆல்பத்துல அவர் வாசிச்சது கிப்ஸனே இல்லை! க்றிஸ் டெரிக் என்ற தனி ஆள் கையால செஞ்ச லெஸ் பால் காப்பி. அந்த ஆல்பம் சக்கைப்போடு போட்டு, லெஸ் பால் வியாபாரமும் சூடு பிடிச்சது. பின்னாடி 2010-ல் கிப்ஸனே அந்த ஆல்பம் பேர்ல ஒரு ஸ்லாஷ் மாடல் விட்டுச்சு. அதாவது, கிப்ஸனைக் காப்பி அடிச்ச கிடாரை, கிப்ஸன் காப்பி அடிச்சு, கையெழுத்தோட வித்தது. சிரிக்காம இருக்க முடியுதா?

'வாங்கிப் போட்டா நாளைக்கு நல்ல விலைக்குப் போகுமே'ன்னு சில சீனியர்கள் ஐடியா கொடுப்பாங்க. உஷார். 2004-ல் க்ளாப்டனோட ப்ளாக்கி ஏலத்துல 9,59,500 டாலருக்குப் போச்சு. 2019-ல் 'பிங்க் ஃப்ளாய்ட்' டேவிட் கில்மரோட கறுப்பு ஸ்ட்ராட் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர். 2020-ல் கர்ட் கோபெய்னோட ஒரு மார்ட்டின் கிடார் 60 லட்சம் டாலர். தலை சுத்துதுல்ல? ஆனா, அதெல்லாம் அவங்க வாசிச்ச கிடார். கடையில தொங்குறது அவங்க பேர் போட்ட கிடார். கில்மர் பேர்ல 2008-ல் ஃபெண்டர் விட்ட கறுப்பு ஸ்ட்ராட், ஏலத்துல போன அந்தக் கிடார் இல்லை. எண்ணி இத்தனைதான்னு விடுற ஸ்பெஷல் எடிஷன்கள் சிலது விலை ஏறும். மத்ததெல்லாம் பைக் மாதிரி, ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே செகண்ட் ஹேண்ட்தான்.

கோபெய்னைப் பத்தி இன்னொண்ணு. அவர் தேடித் தேடி வாசிச்சதெல்லாம் அப்போ யாரும் சீண்டாத மலிவான கிடார்கள். ஃபெண்டர் ஜாகுவார் படத்தையும் மஸ்டாங் படத்தையும் வெட்டி ஒட்டி, இப்படி ஒண்ணு வேணும்னு கேட்டார். 1994-ல் அவர் இறந்தார். அந்த 'ஜாக்-ஸ்டாங்' 1996-ல் கடைக்கு வந்துச்சு.

புது கிடாரைத் தேய்ச்சு, கீறி, பெயின்ட்டை உரிச்சு, பழசு மாதிரி ஆக்கித் தர்றதுக்கு 'ரெலிக்'னு பேரு. ஃபெண்டர் இதை 1990-களின் நடுவுல ஆரம்பிச்சது. கீறலுக்குத் தனி சார்ஜ். சிரிக்கிறதுக்கு முன்னாடி நாம போட்டிருக்கிற கிழிஞ்ச ஜீன்ஸோட பில்லையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கலாம்.

என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, பிரையன் மேவுக்கு! 'க்வீன்' குழுவோட கிடாரிஸ்ட். ஸ்கூல் பையனா இருந்தப்போ ஃபெண்டர் வாங்கக் காசில்லை. 1963-ல் அப்பாவும் பிள்ளையுமா சேர்ந்து வீட்டுலயே கிடார் செய்ய உட்கார்ந்தாங்க. நெக்குக்கு, பழைய வீட்டுக் கணப்படுப்புக்கு மேல இருந்த மரப் பலகை. அதுல இருந்த பூச்சி அரிச்ச ஓட்டைகளைத் தீக்குச்சி வச்சு அடைச்சாங்க. ஃப்ரெட் போர்டுல புள்ளி வைக்க, அம்மாவோட தையல் பெட்டியில இருந்து முத்துச்சிப்பிப் பட்டன். ட்ரெமோலோவுக்கு பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின்ல இருந்து ஸ்ப்ரிங். ட்ரெமோலோ கைப்பிடி நுனிக்கு ஸ்வெட்டர் பின்னுற ஊசியோட முனை. 'ரெட் ஸ்பெஷல்' ரெடி. மொத்தச் செலவு சுமார் எட்டு பவுண்டு. அதே கிடாரோடதான் 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில நின்னு வாசிச்சார். நடுவுல விட்டுப் போன வானியற்பியல் ஆராய்ச்சியை எடுத்துத் தூசி தட்டி, 2007-ல் பிஹெச்.டி.யும் வாங்கிட்டார். அந்தக் கிடாரோட காப்பியை இப்போ அவர் பேர்லயே இருக்கிற கம்பெனி விக்குது. அந்த ஒரு காப்பியை மட்டும் நான் சந்தோஷமா சிபாரிசு பண்ணுவேன். பிக்கப்புகளை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் வரிசை இருக்கே, அந்த மாதிரி வேற எந்தக் கிடார்லயும் லேசுல கிடைக்காது.

ஆனா அந்தச் சவுண்டுக்கு, கிடார் பாதிதான் பொறுப்பு. மீதி அவர் பின்னாடி நிக்கிற வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப், நடுவுல ஒரு பூஸ்டர், பிக்குக்குப் பதிலா விரல்ல பிடிக்கிற ஆறு பென்ஸ் காசு. எடி வான் ஹாலனும் அப்படித்தான். மார்ஷல் ஆம்ப்புக்குப் போற மின்சாரத்தையே வேரியாக் வச்சுக் குறைச்சுத் தன் டோனைக் கண்டுபிடிச்சார் (ஹாஸ்டல்ல ட்ரை பண்ணாதீங்க, வார்டன் பாவம்). எலெக்ட்ரிக் கிடார்ல மரம் பேசுறதைவிட ஆம்ப் பேசுறது அதிகம். மொத்தப் பணத்தையும் கையெழுத்துக்குக் கொட்டிட்டு, டப்பா ஆம்ப்ல மாட்டினா, தலைவர் கிடார் தகர டப்பாவாத்தான் கத்தும்.

ஆகவே, கடைக்குப் போறப்ப ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க. கிடாரை அவர் எடுத்துக் கொடுக்கட்டும், நீங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. ஹெட்ஸ்டாக்கைப் பார்க்காம ஒவ்வொண்ணையும் பத்து நிமிஷம் வாசிங்க. எல்லாத்தையும் ஒரே ஆம்ப்ல, ஒரே செட்டிங்ல மாட்டச் சொல்லுங்க. கைக்கு எது வழுக்கிட்டுப் போகுது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல எது சுருதி விலகாம நிக்குது, இதை மட்டும் கவனிங்க. கடைசியில் கண்ணைத் திறந்து பார்த்தா கையெழுத்து இருந்தாலும் சரி, வாங்குங்க. இல்லைன்னா இன்னும் நல்லது. மிச்சமான காசுல சுமாரா நல்ல ஆம்ப் ஒண்ணு. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்துக் கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரி பார்த்து ஒரு செட்டப். அதுக்கப்புறமும் பாக்கெட்ல ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தா, ஸ்ட்ரிங் செட் மூணு நாலு வாங்கிப் பையில போட்டு வைங்க. அந்த மெல்லிசான முதல் ஸ்ட்ரிங் இருக்கு பாருங்க, கல்ச்சுரல்ஸுக்கு முந்தின ராத்திரிதான் அறுக்கும்.